ரஷ்ய–ஜப்பானியப் போரும் பத்திரிகைப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பத்திரிகைப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய யாரும் சீக்கிரமே 1904-05-க்கு வந்து நிற்பார்கள். ரஷ்யப் பேரரசும் ஜப்பானியப் பேரரசும் மோதிய அந்தப் போரைப் பாரிஸ், லண்டன், மாஸ்கோ, டோக்கியோ என்று எல்லா ஊர் அச்சகங்களும் போட்டி போட்டு வரைந்து தள்ளின. அந்தப் படங்களை வைத்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

முதலில், போர் என்ன ஆயிற்று? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1904 பிப்ரவரி 8 இரவு, சீனக் கரையில் ரஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல்களை ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் டார்பிடோ வீசித் தாக்கின. முறையான போர் அறிவிப்பு வந்தது பிப்ரவரி 10-ஆம் தேதிதான். மே மாதத் தொடக்கத்தில் யாலு ஆற்றங்கரையில் ரஷ்யர்கள் தோற்றார்கள். போர்ட் ஆர்தர் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து 1905 ஜனவரியில் சரணடைந்தது. அப்புறம் பிப்ரவரி–மார்ச்சில் மஞ்சூரியாவின் முக்டென் நகரில் சண்டை. இரு தரப்பும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதிய சண்டை அது. மே 27, 28 தேதிகளில் சுஷிமா நீரிணையில் ரஷ்யாவின் பால்டிக் கடற்படையை ஜப்பானிய அட்மிரல் தோகோ அழித்தார். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இடையில் புகுந்து பேச, 1905 செப்டம்பர் 5 அன்று போர்ட்ஸ்மத் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்காக அவருக்கு 1906-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எதற்காகச் சண்டை?

மஞ்சூரியாவுக்கும் (சீனாவின் வடகிழக்குப் பகுதி) கொரியாவுக்கும். இரண்டுமே இந்த இரு பேரரசுகளுக்கும் சொந்தமான மண் இல்லை. 1895-இல் சீனாவை வென்ற ஜப்பானுக்குப் போர்ட் ஆர்தர் இருக்கும் லியாவோதுங் தீபகற்பம் கிடைத்தது. ரஷ்யா, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் மிரட்டி அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே ஆண்டில், 1898-இல், அதே இடத்தை ரஷ்யா சீனாவிடம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஜப்பானியர் இதை மறக்கவே இல்லை. 1902-இல் பிரிட்டனுடன் கூட்டணி கிடைத்ததும் துணிச்சல் வந்துவிட்டது.

1904-இல் கேமரா இருந்ததே. எதற்குக் கையால் வரைந்தார்கள்?

இருந்தது. பல வார இதழ்கள் புகைப்படத்தைப் புள்ளிப் புள்ளியாக பிளாக் எடுத்து அச்சடிக்கவும் செய்தன. இந்தப் போரின் புகைப்படங்கள் ஏராளம். ஆனால் கேமராவால் முடியாத மூன்று விஷயங்கள் இருந்தன. இரவில் நடக்கும் கடல் சண்டையை எடுக்க முடியாது. பாய்ந்து ஓடும் குதிரைப் படையைக் கிட்டத்தில் நின்று எடுக்க முடியாது, எடுக்கப் போனவர் திரும்பி வருவதும் நிச்சயமில்லை. வண்ணமும் கிடையாது.

பாரிஸில் ‘லெ பெத்தி ழூர்னால்’ ஞாயிறு இணைப்பு ஐந்து சாந்தீம் என்ற சில்லறைக் காசுக்கு விற்றது. அதன் முன்னட்டையில் முழுப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம் வேண்டும், அதில் யாராவது வெட்டிக்கொண்டோ மூழ்கிக்கொண்டோ இருக்க வேண்டும். தூரத்துப் புகையும் நாலு கூடாரமும் தெரியும் சாம்பல் நிறப் புகைப்படத்தை அட்டையில் போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால்தான் அட்டையில் ஓவியமும் உள்ளே புகைப்படமுமாகப் பங்கு பிரிந்தது.

வரைந்தவர்கள் போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தார்களா?

பெரும்பாலோர் பார்க்கவில்லை. இந்தப் படங்களைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரில் போனவர்களும் உண்டு. ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகைக்காகப் பல போர்களைக் கண்ட மெல்டன் ப்ரையர் இந்தப் போருக்கும் வந்தார். ஃபிரெடரிக் வில்லியர்ஸ் போர்ட் ஆர்தர் முற்றுகையை ஜப்பானியர் பக்கமிருந்து பார்த்தார். ஆனால் ஜப்பானிய ராணுவம் வெளிநாட்டு நிருபர்களை எளிதில் விடவில்லை. ‘நாளை அனுமதி, நாளை மறுநாள் அனுமதி’ என்று சொல்லியே மாதக்கணக்கில் டோக்கியோ ஹோட்டலில் உட்கார வைத்தது. பொறுமை இழந்து தானாகக் கிளம்பிய அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன், மோஜி துறைமுகத்தில் படம் எடுத்ததற்காக உளவாளி என்று பிடிபட்டார். கேமராவையும் பறிகொடுத்து, பின்புதான் மீட்டார்.

சரி, களத்தில் ஒருவர் பென்சிலால் கிறுக்கிய படம் எப்படி ஊருக்குப் போகும்? கப்பலிலோ ரயிலிலோ, வாரக்கணக்கில். தந்திச் செய்தியோ அன்றைக்கே வந்துவிடும். வாசகன் தந்தியைப் படித்துவிட்டுப் படத்துக்குக் காத்திருக்கும்போது ஆசிரியர் ஓவியம் வந்து சேரும்வரை சும்மா இருப்பாரா? ஊரிலேயே இருக்கும் ஓவியரைக் கூப்பிட்டு, மூன்று வரித் தந்தியையும் பழைய கப்பல் புகைப்படங்களையும் கையில் கொடுத்து, ‘வியாழக்கிழமைக்குள் வேண்டும்’ என்பார். மிச்சமெல்லாம் கற்பனை.

டோக்கியோவிலும் இதே கதைதான். கொபயாஷி கியோசிகா, மிகிதா தோஷிஹிதே, ஒகாதா கெக்கோ போன்ற பெயர்பெற்ற மரச்செதுக்கு ஓவியர்கள் பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வரைந்தார்கள்.

அப்படியானால் இந்தப் படங்கள் பொய்யா?

போர் எப்படி நடந்தது என்று அறிய இவற்றை நம்பினால் ஏமாறுவீர்கள். வாங்கியவர்கள் போரைப் பற்றி எதை நம்ப விரும்பினார்கள் என்று அறிய இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை.

ஓர் உதாரணம். முதல் இரவுத் தாக்குதலைப் பற்றிய ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களில் ரஷ்யக் கப்பல்கள் பிளந்து, தீப்பிடித்து, செங்குத்தாக மூழ்கும். அன்றிரவு நடந்தது இதுதான்: வீசிய டார்பிடோக்கள் 16, பட்டவை 3. ரெத்விசான், செசரேவிச், பல்லாதா என்ற மூன்று கப்பல்கள் சேதமடைந்தன. ஒன்றுகூட மூழ்கிப் போகவில்லை, மூன்றையும் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். கப்பலின் புகைபோக்கிகளை எண்ணுங்கள். ரெத்விசானுக்கு மூன்று, செசரேவிச்சுக்கு இரண்டு, வர்யாகுக்கு நான்கு, அஸ்கோல்டுக்கு ஐந்து. படத்தின் அடியில் ஒரு பெயரும் மேலே வேறு எண்ணிக்கையும் இருந்தால், ஓவியர் கையில் கிடைத்த ஏதோ ஒரு கப்பலைப் போட்டு வேலையை முடித்துவிட்டார் என்று அர்த்தம். இந்த விளையாட்டு ஒரு கட்டத்தில் பழக்கமாகிவிடும், எச்சரிக்கிறேன்.

ஜப்பானியப் படம் ஒன்றை எப்படிப் பார்க்க வேண்டும்?

பொதுவாக மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு படம். தனித்தனியாக அச்சிட்டவை, அதனால் தாள்கள் சேரும் இடத்தில் கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கும். சிவகாசி காலண்டரில் சிவப்பு கொஞ்சம் நகர்ந்து, சாமிக்கு இரண்டு உதடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிதான்.

இரவுச் சண்டைப் படத்தில் முதலில் இருட்டைப் பாருங்கள். ஒரே கறுப்பாக இருக்காது. மேலே அடர் கறுப்பு, கீழே வரவர நீலமாகி, கடலோடு சேரும் இடத்தில் வெளிறிப் போகும். மரக்கட்டையில் பூசிய மையை அச்சிடுபவர் தூரிகையாலும் ஈரத்தாலும் ஒரு பக்கம் மெலிதாக்கிவிட்டுத் தாளை அழுத்துவார். ஒவ்வொரு பிரதிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் இருட்டு ஒரே மாதிரி இருக்காது. அந்த இருட்டைக் கத்தரித்ததுபோல் ஒரு வெளிச்சப் பட்டை குறுக்கே போகும். அது சர்ச்லைட். பழைய மரச்செதுக்குக் கலையில் நிலா வரையப் பழகிய கை, மின்விளக்கை வரையக் கற்றுக்கொண்ட விதம் இது. எனக்கு இந்தப் படங்களில் சண்டையைவிட இந்த விளக்குகள்தான் பிடிக்கும்.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். ஜப்பானிய வீரர்கள் உயரமாக, மீசையோடு, கச்சிதமான மேற்கத்திய சீருடையில் இருப்பார்கள். பத்தாண்டு முன்பு சீனாவுடன் நடந்த போரின் படங்களில் சீனர்களைச் சடை பறக்க ஓடுகிறவர்களாக, கோமாளிகளாக வரைந்தவர்கள் இதே ஓவியர்கள். ரஷ்யர்களுக்கு அந்த நிலை வரவில்லை. தோற்றாலும் ஓரளவு மரியாதையோடு தோற்பார்கள். வெள்ளைக்காரப் பேரரசுகளின் வரிசையில் தானும் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்ட நாடு, அந்த வரிசையில் இருப்பவனை முழுக் கோமாளியாக்கினால் தன் வெற்றிக்கே மதிப்புப் போய்விடும் அல்லவா? (கேலிப் படங்கள் வேறு கணக்கு. அதற்கென்றே கியோசிகா தனி வரிசை போட்டார், அதில் ரஷ்யர்கள் நன்றாகவே உதை வாங்குகிறார்கள்.)

ரஷ்யர்கள் என்ன வரைந்தார்கள்?

‘லுபோக்’ என்று ஒன்று உண்டு. ஒற்றைத் தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம், அடியில் நாலு வரிப் பாட்டு அல்லது நையாண்டி வசனம். சந்தையில் வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். மாஸ்கோவில் சீத்தின் என்பவரின் அச்சகம் இவற்றுக்குப் பெயர் போனது.

1904-இன் தொடக்கத்தில் வந்த லுபோக்குகளில் மலை போன்ற கோசாக் வீரனோ மாலுமியோ இருப்பான். அவன் பூட்ஸ் உயரத்துக்குக் குட்டி ஜப்பானியன். பின்னால் ஜப்பானைத் தூண்டிவிடும் ஜான் புல்லும் அங்கிள் சாமும், அதாவது பிரிட்டனும் அமெரிக்காவும். போர் நீள நீள, செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியாகவே வர, இந்தச் சிரிப்பு வற்றிப் போனது. பிறகு 1905-இன் புரட்சி வந்து, ஜார் மன்னர் உரிமைகள் தருவதாக வெளியிட்ட அக்டோபர் அறிக்கைக்குப் பின் தணிக்கை தளர்ந்ததும் நையாண்டி இதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. அவற்றில் குட்டி ஜப்பானியன் இல்லை. உதை வாங்கியது ரஷ்ய அரசாங்கமே.

குத்துச்சண்டை மேடைப் படம் ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறதே, அது என்ன?

1904 ஏப்ரலில் பாரிஸ் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. மேடையில் ஒரு பக்கம் மாமிச மலையாக ரஷ்யப் பயில்வான், எதிரே அவன் நெஞ்சளவுகூட வராத ஜப்பானியப் பயில்வான். சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் மற்ற நாடுகள். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சீனர். பிரான்ஸ் அப்போது ரஷ்யாவின் கூட்டாளி, ரஷ்யக் கடன் பத்திரங்களில் பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பெல்லாம் கிடந்தது. அந்த உருவ வித்தியாசத்தில் கொஞ்சம் வேண்டுதலும் கலந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது அந்தச் சீனர். அவர் மண்ணில் நடக்கும் சண்டைக்கு அவருக்கே உள்ளே இடமில்லை. ஓவியர் கிண்டலுக்காகப் போட்டிருக்கலாம், ஆனால் மொத்தப் போரிலும் இவ்வளவு சரியான படம் குறைவு.

ஆக்டோபஸ் வரைபடம்?

1904 மார்ச்சில் ஜப்பானில் ஒஹாரா கிசபுரோ என்ற மாணவர் வெளியிட்டது. ரஷ்யா ஒரு கறுப்பு ஆக்டோபஸ். துருக்கி, பாரசீகம், திபெத் என்று ஒவ்வொன்றையும் ஒரு கரம் பிடித்திருக்கும், இன்னொன்று போர்ட் ஆர்தர் பக்கம் நீளும். யோசனை அவருடையது அல்ல. 1877-இலேயே பிரிட்டனில் ஃபிரெட் ரோஸ் ரஷ்யாவை ஆக்டோபஸாக வரைந்துவிட்டார். ஒஹாராவின் படத்தில் ஜப்பானியத்தோடு ஆங்கில வாசகமும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரனும் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

போர் ஓவியர் ஒருவரே இந்தப் போரில் இறந்தாராமே?

ஆமாம், வசீலி வெரஷ்சாகின். போரின் கோரத்தை வரைந்தே உலகப் புகழ் பெற்ற ரஷ்ய ஓவியர். மண்டை ஓடுகளைக் கோபுரமாகக் குவித்த ஓவியம் அவருடையதுதான். இந்தியாவுக்கும் வந்து சுற்றி வரைந்திருக்கிறார். 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷார் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடும் முறையை வரைந்து லண்டனில் எரிச்சலைக் கிளப்பியவர்.

61 வயதில் போர்ட் ஆர்தர் போய், அட்மிரல் மக்காரோவின் கொடிக் கப்பலான பெத்ரோபாவ்லோவ்ஸ்கில் ஏறினார். 1904 ஏப்ரல் 13 அன்று அந்தக் கப்பல் ஜப்பானியர் கடலில் இட்டிருந்த கண்ணிவெடியில் மோதியது. சில நிமிடங்களில் அட்மிரல், ஓவியர் உட்பட 600-க்கும் மேற்பட்டோர் கடலோடு போனார்கள்.

இதை டோக்கியோவில் தோஷிஹிதே உடனே மூன்று தாள் படமாக்கினார். தலைப்பு ‘நம் கடற்படையின் டார்பிடோவால்’ கப்பல் அழிந்தது என்கிறது. கண்ணிவெடி என்றால் அதில் வீரம் போதாது போலும். ஆனாலும் மூழ்கும் மக்காரோவை வில்லனாகக் காட்டவில்லை. ஜப்பானில் அவர் மேல் மதிப்பு இருந்தது. கவிஞர் இஷிகாவா தகுபொகு அவருக்கு இரங்கற்பாவே எழுதினார். எதிரி நாட்டு அட்மிரலுக்கு, போர் நடந்துகொண்டிருக்கும்போதே.

எதையெல்லாம் வரையவில்லை?

நோயை. ஜப்பானியத் தரைப்படையில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காரணம் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. வெள்ளைச் சோறு என்றால் ஏழை வீட்டுப் பையனுக்கு ராஜ சாப்பாடு, படையில் சேர்ந்தால் தினமும் கிடைக்கும் என்பதே ஒரு கவர்ச்சி. தவிட்டோடு சத்தும் போய்விட்டது. கடற்படையில் மருத்துவர் தகாகி கனேஹிரோ 1880-களிலேயே உணவை மாற்றி, பார்லி முதலியவை சேர்த்து, நோயை விரட்டியிருந்தார். தரைப்படை கேட்கவில்லை. கால் வீங்கிப் படுத்திருக்கும் சிப்பாயை எந்த வண்ணப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

போர்ட் ஆர்தர் முற்றுகையில் மட்டும் ஜப்பானியத் தரப்பில் இறந்தும் காயப்பட்டும் வீழ்ந்தவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். முற்றுகையை நடத்திய தளபதி நோகியின் இரண்டு மகன்களும் இந்தப் போரில் இறந்தார்கள். படங்களில் குன்றின் உச்சியில் கொடி நாட்டும் கணம் இருக்கும். அதற்கு முந்தைய மாதங்கள் இருக்காது.

மஞ்சூரிய விவசாயிகளும் கொரியர்களும் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களாக, சுமை தூக்குபவர்களாக, இல்லையென்றால் உளவாளிகளாக மட்டுமே வருகிறார்கள். சீன எழுத்தாளர் லூ சுன் அப்போது ஜப்பானின் செந்தாயில் மருத்துவ மாணவர். வகுப்பு முடிந்து மிச்ச நேரத்தில் போர்ப் படங்களைத் திரையில் காட்டுவார்கள். ஒன்றில், ரஷ்யருக்கு உளவு சொன்னதாகப் பிடிபட்ட சீனன் ஒருவனை ஜப்பானியர்கள் தலைவெட்டப் போகிறார்கள். சுற்றி நின்று பார்க்கும் கூட்டமும் சீனர்கள். வகுப்பில் கைதட்டல். உடம்பைக் குணப்படுத்தி என்ன பயன் என்று மருத்துவப் படிப்பை விட்டு எழுத வந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

தமிழர்களுக்கு இந்தப் போர் தெரிந்திருந்ததா?

நன்றாகவே. ஓர் ஆசிய நாடு ஐரோப்பியப் பேரரசைத் தோற்கடித்தது இந்தியா முழுவதும் பேசப்பட்டது. சிறுவனாக இருந்த நேரு தனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைப் பின்னாளில் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் காந்தி தொடர்புகொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஜப்பானின் வெற்றி பற்றி எழுதியது. அந்தப் பத்திரிகை தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியோடும் வந்தது. பாரதியார் 1904-இன் இறுதியில் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ உதவியாசிரியர். போர் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. 1906-இல் அவர் பொறுப்பேற்ற ‘இந்தியா’ வார இதழ்தான் தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது.

போரின் ஒரு துண்டைக் கண்ணாலேயே பார்த்தவர்கள் சிங்கப்பூர்வாசிகள். 1905 ஏப்ரல் 8 அன்று சுஷிமாவை நோக்கிப் போன ரஷ்யக் கடற்படை சிங்கப்பூரைக் கடந்து சென்றது. கரையிலிருந்து ஊரே பார்த்தது.

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பூதக்கண்ணாடி போதும், பாதி வேலை முடியும். ஜப்பானிய மரச்செதுக்கில் வண்ணம் தட்டையாகத் தாளுக்குள் ஊறியிருக்கும், பின்பக்கம் திருப்பினால் கசிந்து தெரியும். ஒரே சீராகச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்து, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது பிற்காலத்து மறு அச்சு. ஓரத்தில் அச்சிட்ட தேதி, ஓவியர், பதிப்பாளர் பெயர் இருக்கும். ஆண்டைப் பேரரசர் மெய்ஜியின் ஆட்சியாண்டாகக் குறித்திருப்பார்கள்: மெய்ஜி 37 என்றால் 1904, மெய்ஜி 38 என்றால் 1905. ஓரத்தை வெட்டிவிட்ட பிரதிகளும் உண்டு, அதனால் ஓரம் இல்லை என்பதற்காகவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிரெஞ்சு அட்டைப் படம் என்றால் பின்பக்கம் பார்ப்பது சுலபம். அசல் இணைப்பிதழிலிருந்து கிழித்த தாள் என்றால் மறுபக்கத்தில் பிரெஞ்சுச் செய்தியோ கதையோ அச்சாகியிருக்கும், தாள் பழுப்பேறி ஓரம் பொடியும். ரஷ்யத் தாளில் தேதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது, ஆகவே பிப்ரவரி 9 அங்கே ஜனவரி 27.

இணையத்தில் எங்கே பார்க்கலாம்?

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ‘காலிகா’ தளத்தில் ‘லெ பெத்தி ழூர்னால்’ இணைப்புகளைத் தேதிவாரியாகப் புரட்டலாம். ஜப்பானியப் படங்களுக்கு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஷார்ஃப் தொகுப்பு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத் தளத்தில் அந்தப் படங்களை விளக்கத்தோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் நிறைய உண்டு.

தேடும்போது ஊர்ப் பெயர்தான் காலை வாரும். போர்ட் ஆர்தர் இப்போது லூஷுன், முக்டென் இப்போது ஷென்யாங், வர்யாக் மூழ்கிய செமுல்போ இப்போது இஞ்சோன். பழைய பெயரில் தேடினால் படம் வரும், புதிய பெயரில் தேடினால் விமான நிலையம் வரும்.